ஊரை வரைந்தவருக்கு ஊரில் இடமில்லை



போன வாரம் அடிலெய்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் குடியிருக்கும் வீட்டுக்காரரின் கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய அச்சுப்படம். ஊதா நிறத்தில் மலை, சிவந்த மண், முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மரம். “பூர்வகுடிக்காரர் ஒருவர் வரைந்ததாம் சார். எனக்கு வெள்ளைக்காரர் வரைந்த மாதிரிதான் தெரிகிறது” என்று எழுதியிருந்தான். உண்மையைச் சொல்கிறேன், முதல் பார்வையில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

வரைந்தவர் ஆல்பர்ட் நமட்ஜிரா. 1902 ஜூலை 28 அன்று நடு ஆஸ்திரேலியாவில், ஹெர்மன்ஸ்பர்க் என்ற லூத்தரன் மிஷனில் பிறந்தவர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே சுமார் 125 கிலோமீட்டர். அரெர்ண்டே இனத்தவர். பெற்றோர் வைத்த பெயர் எலியா. ஞானஸ்நானத்தின்போது ஆல்பர்ட் ஆனார். மிஷன் பள்ளியில் படித்தார், பெற்றோரைப் பிரிந்து சிறுவர் விடுதியில் வளர்ந்தார். ஆனாலும் 13 வயதில் இனத்துப் பெரியவர்கள் அவரை அழைத்துப் போய், ஆண்மகனுக்குரிய சடங்கைச் செய்து, தங்கள் நிலத்தின் கதைகளையும் கட்டுப்பாடுகளையும் சொல்லிக் கொடுத்தார்கள். மிஷன் பள்ளி, பெரியவர்கள் பள்ளி இரண்டிலும் படித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

18 வயதில் ரூபினா என்ற பெண்ணை மணந்தார். அவர்கள் மணமுறைப்படி கட்டக்கூடாத பிரிவைச் சேர்ந்தவர் ரூபினா. அதனால் சில ஆண்டுகள் ஊரை விட்டு ஒதுக்கி வைக்கப்பட்டார். அந்தக் காலத்தில் ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தார். பாலைவனத்தின் மூலை முடுக்கெல்லாம் அப்படித்தான் பழக்கமாயிற்று. பிறகு மிஷனுக்குத் திரும்பி தச்சு வேலை, கொல்லு வேலை என்று கிடைத்ததைச் செய்தார். முல்கா மரப்பலகையில் சூட்டுக்கோலால் படம் வரைந்து விற்பதும் உண்டு.

1934இல் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்ற இரண்டு வெள்ளைக்கார ஓவியர்கள் வந்து, தாங்கள் வரைந்த நீர்வண்ணப் படங்களை மிஷனில் காட்சிக்கு வைத்தார்கள். அதைப் பார்த்த நமட்ஜிராவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. 1936இல் பாட்டர்பீ மறுபடி வந்தபோது ஓர் ஏற்பாடு. நமட்ஜிரா ஒட்டகம் ஓட்டி வழிகாட்ட வேண்டும். பாட்டர்பீ வரையக் கற்றுத்தர வேண்டும். மொத்தமே இரண்டு மாதம்! ஆசிரியராக இருந்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பாட்டர்பீ முதல் உலகப் போரில் படுகாயப்பட்டு வந்தவர். தூரிகை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர். எந்த மலை எங்கே, எந்த நேரத்தில் எப்படி நிறம் மாறும் என்பது மாணவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

1938இல் மெல்பர்னில் முதல் தனிக் கண்காட்சி. 41 படங்கள், அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. அதுவரை ஆல்பர்ட் என்று மட்டும் கையெழுத்திட்டவர், அதன்பின் தந்தையின் பெயரான நமட்ஜிராவையும் சேர்த்துக்கொண்டார் (நம் இனிஷியல் போலத்தான், ஆனால் முழுசாக). 1939இல் தென் ஆஸ்திரேலிய ஓவியக்கூடம் அவர் படத்தை வாங்கியது. அவர் படத்தை விலைக்கு வாங்கிய முதல் பெரிய ஓவியக்கூடம் அது. நம் பையன் இருக்கும் அதே அடிலெய்டில் இருக்கிறது.

புகழ் வந்தது. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டுப் பதக்கம். 1954இல் கான்பெராவில் அரசியையே நேரில் சந்தித்தார். 1956இல் வில்லியம் டார்கி வரைந்த நமட்ஜிராவின் உருவப்படம், அந்த நாட்டின் பெரிய பரிசான ஆர்ச்சிபால்ட் பரிசை வென்றது. சாதாரண மக்கள் அவர் படங்களின் அச்சுப்பிரதிகளை வாங்கிக் கூடத்தில் மாட்டினார்கள்.

இனி மற்ற பக்கத்தைப் பாருங்கள். கையில் காசு வந்ததும் மாடு மேய்க்க நிலம் குத்தகைக்குக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மனை வாங்கி வீடு கட்ட முயன்றார். பூர்வகுடி என்பதால் அதற்கும் இடமில்லை. ஆனால் வருமான வரி மட்டும் கேட்டார்கள்! அரசியோடு கைகுலுக்கியவர், நகருக்கு வெளியே மாரிஸ் சோக் என்ற வறண்ட ஓடைக்கரையில் சுற்றத்தாரோடு முகாம் போட்டு வாழ்ந்தார்.

1957இல் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வடக்குப் பிரதேசத்தின் பூர்வகுடிகளில் ஏறத்தாழ எல்லோருடைய பெயரையும் ஒரு பட்டியலில் எழுதி, ‘வார்டு’, அதாவது அரசின் பாதுகாப்பில் உள்ளவர்கள், என்று அறிவித்தார்கள். எங்கே வசிப்பது, யாரை மணப்பது என்பதற்கெல்லாம் அதிகாரியின் அனுமதி வேண்டும். மது கூடாது. நமட்ஜிரா, ரூபினா இருவர் பெயரையும் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். ஆக அவர்கள் முழுக் குடிமக்கள். ஓட்டுப் போடலாம், மது வாங்கலாம். பத்திரிகைகள் கொண்டாடின. அவர் பிள்ளைகளோ வார்டுகள்!

ஒருவருக்குக் கிடைத்ததை உறவுக்குப் பங்கிடாமல் தனியே வைத்துக்கொள்வது அரெர்ண்டே வழக்கத்தில் பெரிய குற்றம். பங்கிட்டால் அரசாங்கத்துக்குக் குற்றம். மனிதர் எந்தப் பக்கம் திரும்புவார்?

மதுவை நான் ஆதரிப்பவன் அல்ல, அது உங்களுக்குத் தெரியும். அந்த முகாமில் குடியால் வந்த கேடுகள் உண்மை. 1958இல் அங்கே ஓர் இளம்பெண் கொல்லப்பட்டதும், மது கொண்டு வருகிறவர் என்று நமட்ஜிராவின் மேல் அதிகாரிகளின் கண் விழுந்தது. அதே ஆண்டு ஹெனோக் ரபெரபா என்ற உறவினருக்கு, அவரும் ஓவியர்தான், மது கொடுத்ததாக வழக்கு. ஆறு மாதத் தண்டனை. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. மேல்முறையீட்டில் மூன்று மாதமாகக் குறைந்தது. உயர் நீதிமன்றம் அதற்கு மேல் தலையிட மறுத்தது. அமைச்சர் பால் ஹாஸ்லக் தலையிட்டதால் சிறைக்குப் பதிலாக, ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள பப்புன்யா என்ற குடியிருப்பில் காவலில் வைத்தார்கள். இரண்டு மாதம். 1959 மே மாதம் வெளியே வந்தார். ஆள் உடைந்து போயிருந்தார். ஆகஸ்ட் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் இறந்தார். வயது 57.

இறந்த பிறகும் அவரைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. வெள்ளைக்காரர் பாணியைக் காப்பி அடித்தவர், பிக்சர் போஸ்ட்கார்டு வரைந்தவர் என்று விமர்சகர்கள் பலகாலம் ஒதுக்கினார்கள். நானும் முதல் பார்வையில் செய்தது அதே தவறுதான். அவர் அழகான காட்சி தேடி அலைந்தவர் அல்ல. மவுண்ட் சோண்டர், பாம் வேலி, ஃபிங்க் ஆறு, க்ளென் ஹெலன் என்று திரும்பத் திரும்ப அவர் வரைந்தவை, 13 வயதில் பெரியவர்கள் கதை சொல்லிக் காட்டிய நிலத்தின் இடங்கள். அந்த வெள்ளை மரத்துக்கு கோஸ்ட் கம் என்று பெயர், யூகலிப்டஸுக்குச் சொந்தம். அவர் படத்தில் அது ஓர் ஆள் நிற்பது போல நிற்கும். மீண்டும் ஒருமுறை பார், தம்பி.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் லெஜண்ட் பிரஸ் என்ற பதிப்பகத்தோடு அவர் ஒப்பந்தம் போட்டார். விற்பனையில் எட்டில் ஒரு பங்கு ராயல்டி. அவர் காலமானபின் சொத்துகளைக் கவனித்த அரசு அலுவலகம், 1983இல் பதிப்புரிமை முழுவதையும் அதே பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றுவிட்டது. குடும்பத்தைக் கேட்கவே இல்லை. அதோடு ராயல்டியும் நின்றது. பேரப்பிள்ளைகள் பல ஆண்டு போராடி, 2017இல்தான் அந்த உரிமை குடும்பத்துக்கான அறக்கட்டளைக்குத் திரும்பியது. கொடுத்த விலை ஒரு டாலர்.

அவர் காவலில் இருந்த பப்புன்யாவில் 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் வந்து சேர்ந்தார். அவர் ஊக்கத்தில் அங்குள்ள பெரியவர்கள் பள்ளிச் சுவரிலும் பலகைகளிலும் தங்கள் கதைகளை வரையத் தொடங்க, இன்று உலகம் அறிந்த புள்ளி ஓவியங்கள் பிறந்தன. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். 2020இல் ஆர்ச்சிபால்ட் பரிசை வென்ற முதல் பூர்வகுடி ஓவியர் வின்சென்ட் நமட்ஜிரா. ஆல்பர்ட்டின் கொள்ளுப் பேரன்.

அடிலெய்டு தம்பிக்கு ஒரு வேலை: வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கு. அடியிலோ பின்பக்கமோ அச்சிட்ட பதிப்பகத்தின் பெயரும், அந்த மலையின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துப் படம் பிடித்து அனுப்பு.