உலகின் மனதை ஓர் அட்டவணைக்குள் அடக்கலாமா?

‘ஜனநாயகத்தில் உலக மக்களின் நம்பிக்கை சரிகிறது’ என்பது போன்ற தலைப்புகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கின்றோம். பல்லாண்டுகள் செய்தி மேசையில் இருந்தவன் என்ற முறையில் என் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்: யாரிடம் கேட்டார்கள்? என்ன சொற்களில் கேட்டார்கள்? இக்கேள்விக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

ஒரு நாட்டு மக்கள் பிற நாட்டவரை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அறிய, 1948இல் யுனெஸ்கோ ஒன்பது நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்துவித்தது. அதன் பின்னர், கேபிரியல் அல்மண்ட், சிட்னி வேர்பா என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஐக்கிய அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, மெக்சிக்கோ ஆகிய ஐந்து நாடுகளில், நாட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரைச் செவ்வி கண்டு, 1963இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்டனர். அரசியல் ஒப்பாய்வுக்கு அது வழிகாட்டியானது. ஆனால் மெக்சிக்கோவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சனத்தொகை கொண்ட நகரங்களில் மட்டுமே செவ்விகள் நடைபெற்றன. கிராமத்து உழவரின் குரல் அதில் இல்லை. எனினும் அட்டவணையின் தலைப்பில் ‘மெக்சிக்கோ’ என்றே இருந்தது.

பின்னர் 1981இல் உலக விழுமியங்கள் ஆய்வு, 1995இல் இலத்தீனோபரோமெற்றோ, 1999இல் அஃப்ரோபரோமீற்றர், 2002இல் ஐரோப்பிய சமூக ஆய்வு எனத் திட்டங்கள் பெருகின. இவற்றை ஒன்றாக இணைத்தால் உலகம் முழுவதையும் ஒப்பிடலாமே என்ற ஆவல் எழுந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. பாராளுமன்றத்தின் மீதான நம்பிக்கையை ஓர் ஆய்வு நான்கு படிகளில் அளக்கிறது. மற்றொன்று 0 முதல் 10 வரை அளக்கிறது. ஆர்ப்பாட்டத்தில் பங்குபற்றினீர்களா என்று ஒன்று கடந்த 12 மாதங்களைப் பற்றிக் கேட்கிறது. மற்றொன்று வாழ்நாள் முழுவதையும் பற்றிக் கேட்கிறது. இரண்டையும் அப்படியே கூட்டுவது மைலையும் கிலோமீற்றரையும் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

போலந்து விஞ்ஞானக் கழகத்தையும் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இதற்கு நேர்மையான வழியொன்றைக் கண்டனர். 1966 முதல் 2013 வரை 22 திட்டங்களின் கீழ் 142 நாடுகளிலும் ஆட்புலங்களிலும் நடந்த 1,721 தேசியக் கணிப்புகளை அவர்கள் இணைத்தனர். விடையளித்தோர் ஏறத்தாழ 23 இலட்சம் பேர். கேள்விகளுக்கிடையிலான வேறுபாடுகளை மறைக்காமல், அவற்றையும் தரவுகளோடு சேர்த்துப் பதிந்தனர். தேடியபோது, ஒருவரின் விடைகள் அனைத்தும் இன்னொருவருடையதாக அச்சொட்டாகத் திரும்ப வரும் பதிவுகளும் பல கணிப்புகளில் அகப்பட்டன.

ஒரே கேள்வியைக் கேட்டால் மட்டும் போதுமா? 2004இல் கேரி கிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சிந்திக்கத்தக்கது. அரசாங்கத்தின் நடவடிக்கைகளில் தமக்குச் செல்வாக்கு உண்டென்று மெக்சிக்கோ மக்களைவிடச் சீன மக்களே கூடுதலாகக் கூறினர். 71 ஆண்டுகள் ஆண்ட கட்சியை 2000இல் வாக்களித்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் மெக்சிக்கோ மக்கள்! எனவே ஆய்வாளர்கள் கற்பனை மாந்தர் சிலரின் நிலைமைகளை விவரித்தனர். நல்ல குடிநீரின்றி, வாக்குரிமையுமின்றி மௌனமாகத் துன்புறும் ஒருவர் அவர்களில் அடங்குவார். இவர்களுக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டென மக்களிடமே மதிப்பிடச் சொல்லி, அதையே அளவுகோலாகக் கொண்டபோது வரிசை தலைகீழானது. சொல் ஒன்றாக இருந்தாலும், அதற்கு மக்கள் வைத்திருந்த அளவு வேறு.

இது வெறும் ஏட்டு விவகாரமல்ல. மக்களின் ஆதரவு ஜனநாயகத்தைக் காக்குமா என்பது நம் காலத்தின் பெருங்கேள்வி. 135 நாடுகளின் கணிப்புகளை இணைத்து ஆராய்ந்த கிறிஸ்தோபர் கிளாசன், காக்கும் என 2020இல் முடிவு கூறினார். தாய், ஹூ, சோல்ட் என்னும் மூவர், அந்த மதிப்பீடுகளில் உள்ள நிச்சயமின்மையையும் கணக்கில் எடுத்து, தரவுகளையும் விரிவாக்கி, அம்முடிவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என 2022இல் எழுதினர்.

இதனால் கணிப்புகளை இணைப்பது வீண் என்று நான் கூறவில்லை. தனித்தனியே கிடக்கும்போது புலப்படாத குறைகள் ஒன்றுசேர்க்கும்போதுதான் வெளிப்படுகின்றன. எண்ணோடு அதன் ஐயத்தையும் ஆய்வாளர் சேர்த்தே தருகிறார். அதை வெட்டிவிட்டுத் தலைப்பு எழுதுவது நாம்தான்.