நத்தைப் பருந்தின் இரைத்தேர்வு

நத்தைப் பருந்தின் இரைத்தேர்வு என்பது, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் நத்தைப் பருந்துகள் உள்ளூர் ஆப்பிள் நத்தைக்கும், தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய பெரிய ஆப்பிள் நத்தைக்கும் இடையே இரையைத் தெரிவு செய்யும் முறையைக் குறிக்கும். ஆக்கிரமிப்பு நன்னீர் இனம் ஒன்றைக் கொன்றுண்ணி எவ்வாறு இரையாக ஏற்கிறது என்பதற்கு, நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்றாகும்.

பருந்தும் உள்ளூர் நத்தையும்

நத்தைப் பருந்து ஏறக்குறைய முழுவதும் ஆப்பிள் நத்தைகளையே உண்டு வாழும் பறவை. நீர்ப்பரப்பை ஒட்டியுள்ள நத்தையைக் கால் நகங்களால் கவ்விச் சென்று, மெலிந்து வளைந்த அலகை ஓட்டுக்குள் செலுத்தி, தசையை அறுத்துச் சதையை வெளியே இழுக்கும். இவ்வலகு வேறு இரைகளுக்கு அவ்வளவாகப் பயன்படாது. எனவே நத்தை குறைந்தால் பருந்தும் குறையும். 1967 ஆம் ஆண்டில் புளோரிடாப் பருந்து அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டளவில் சுமார் 3,500 ஆக இருந்த அதன் எண்ணிக்கை, வறட்சிகளுக்குப் பின் 2007 ஆம் ஆண்டளவில் சுமார் 700 ஆகச் சரிந்தது.

புதிய நத்தையின் வருகை

பொமேசியா மாகுலேட்டா என்னும் தென் அமெரிக்க நத்தை 2004 ஆம் ஆண்டளவில் ஓர்லாண்டோவுக்குத் தெற்கிலுள்ள டோஹோபெகலிகா ஏரியில் பரவியது. உள்ளூர் நத்தை கோல்ஃப் பந்தின் அளவினது. புதிய நத்தையோ டென்னிஸ் பந்தையும் விஞ்சி வளரக்கூடியது. உள்ளூர் நத்தை ஒரு தடவையில் சில பத்து வெண்ணிற முட்டைகளையே இடும். புதியது இடும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கலாம். அம்முட்டைகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் அவற்றை உண்ணும் விலங்குகளும் மிகச் சிலவே.

தேர்வின் கணக்கு

1966 இல் மாக்ஆர்தர், பியாங்கா ஆகியோர் முன்வைத்த உகந்த உணவுதேடல் கோட்பாட்டின்படி, இரையின் மதிப்பு அதிலுள்ள ஆற்றலால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அதைக் கையாள ஆகும் நேரமும் கணக்கில் சேரும். பெரிய நத்தையில் சதை மிகுதி. ஆனால் அதைத் தூக்குவதும் ஓட்டிலிருந்து பிரிப்பதும் கடினம். 2010 இல் வெளியான ஆய்வொன்றில், பருந்துகள் புதிய நத்தைகளைக் கையாள அதிக நேரம் எடுத்ததும், அவற்றை அடிக்கடி நழுவவிட்டதும் தெரியவந்தது. முதிர்ந்த பறவைகள் இதை ஈடுசெய்தன. இளம் பறவைகளுக்கோ நாளாந்தத் தேவைக்குரிய ஆற்றல் கிட்டாது போகலாம் எனக் கணக்கிடப்பட்டது. எளிதில் கிடைக்கும் இரையே பறவைகளை ஏரிக்கு ஈர்த்து, குஞ்சுகளை அழிக்கும் பொறியாகிவிடுமோ என்ற அச்சம் அப்போது நிலவியது.

அந்த அச்சம் மெய்ப்படவில்லை. புதிய நத்தை பரவிய நீர்நிலைகளில் கூடுகள் பெருகின. பருந்துகளின் எண்ணிக்கையும் மீண்டும் உயர்ந்தது. 2018 இல் கெயின்ஸ்வில் அருகிலுள்ள பெயின்ஸ் பிரெய்ரி சதுப்புநிலத்திலும் அவை கூடு கட்டத் தொடங்கின.

அலகில் மாற்றம்

2017 இல் இணையத்தில் வெளியான மற்றோர் ஆய்வு, நத்தை பரவிய பின் இரு தலைமுறைகளுக்கும் குறைவான காலத்தில் பருந்துகளின் உடலும் அலகும் சராசரியாகச் சுமார் 8 விழுக்காடு பெரிதானதாகக் காட்டியது. பெரிய அலகுடைய இளம் பறவைகளே முதலாண்டில் கூடுதலாக உயிர்பிழைத்தன. இதில் இயற்கைத் தேர்வுக்குப் பங்குண்டு. ஆயினும் வளரும் பருவத்தில் கிடைத்த நிறைவான உணவின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது.

மேலாண்மைச் சிக்கல்

புதிய நத்தை நீர்த்தாவரங்களை அழிப்பதோடு உள்ளூர் நத்தையின் வளர்ச்சியையும் தடுக்கக்கூடியது. எனவே அதை ஒழிக்க வேண்டும் என்பது பொதுவான நிலைப்பாடு. ஆனால் அதுவே இப்போது அருகிவரும் பருந்தின் முதன்மை உணவு. டோஹோபெகலிகா ஏரியில் இந்நத்தைக்கு உணவும் உறைவிடமும் தருவது ஹைட்ரில்லா. அதுவும் அந்நியத் தாவரமே. தமிழ்நாட்டுக் குளங்களில் இயல்பாகக் காணப்படும் அதே பாசிதான். அதைக் கட்டுப்படுத்தக் களைக்கொல்லி தெளிக்கும்போது பருந்துக் கூடுகளைச் சுற்றிய பகுதிகளை விலக்கி விடுகின்றனர்.