சொல் சென்றது, சேர்ந்ததா?

நோய் தீர்க்கும் முயற்சிக்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்று வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அவை. இவை யாவும் ஒரே கட்டிலருகே கூடியிருந்தவரை, ஒருவர் சொன்னதை மற்றவர் நேரே கேட்டனர். ஐயம் எழுந்தால் அங்கேயே வினவித் தெளிந்தனர். இடையே தொலைவு புகுந்தபோது, சொல்லைச் சுமந்து செல்ல ஒரு கருவி தேவைப்பட்டது. அக்கருவி மருத்துவத்துக்குச் செய்த நன்மையையும், அதனால் விளைந்த புதிய பொறுப்பையும் சற்றே நோக்குவோம்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ஆம் ஆண்டில் தொலைபேசிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1879-இல், லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. நள்ளிரவில் குழந்தை ஒன்று இருமுகிறது. மூச்சுக்குழலை அடைக்கும் கொடிய நோயோ என்று அஞ்சிய வீட்டார் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கின்றனர். அவர் குழந்தையைக் கருவியின் அருகே கொண்டுவரச் செய்து, இருமலைத் தம் செவியாலேயே கேட்டு, அந்நோய் அன்று எனத் தேற்றுகிறார். அன்று சொல் சென்றதோடு நிற்கவில்லை. விடையாகத் திரும்பியும் வந்தது.

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882 ஜனவரியில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. 1905-இல் ஹாலந்தின் லைடன் நகரத்து அறிஞர் ஐந்தோவன், இதயத்தின் மின்துடிப்பை மருத்துவமனையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பச் செய்தார். அத்துடிப்பை வரையும் கருவி மிகப் பெரிது. அதனை நோயாளியிடம் கொண்டு செல்லுதல் அரிது. ஆகவே நோயாளியின் துடிப்பே கருவியை நாடிச் சென்றது.

மருத்துவமனைகளில் தொலைபேசி பரவியதும் ஓர் இடர் புலனாயிற்று. மருத்துவர் வீட்டிலிருந்து மருந்தின் பெயரும் அளவும் கூறுகிறார். செவிலியர் அதனைக் கேட்டு ஊசி போடுகிறார். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் செவிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். பிழைபடக் கேட்டால் உயிருக்கே கேடு. இதனாலேயே நல்ல மருத்துவமனைகள் ஒரு நெறியைக் கைக்கொண்டன: கேட்டதை உடனே எழுதுக, எழுதியதை மருத்துவரிடம் திரும்பப் படித்துக் காட்டுக, அவர் 'ஆம்' என்ற பின்னரே செயற்படுக. எளிய நெறிதான்; ஆயினும் எத்தனையோ தவறுகளை வாயிலிலேயே தடுத்து நிறுத்துவது அது.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு தில்லியிலிருந்த சுக் ராமுடன் கைப்பேசியில் உரையாடினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கைப்பேசி ஏழையின் கைக்கும் எட்டியது. 2009-இல் வாட்ஸ்அப் தோன்றியது. இன்று சிற்றூர் மருத்துவர் ஒருவர் இதய வரைபடத்தைப் படமெடுத்துப் பெருநகர வல்லுநருக்கு நொடியில் அனுப்பி அறிவுரை பெறுகிறார். ஐந்தோவன் கம்பியிட்டுச் செய்ததை நாம் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்.

ஆனால் பழைய நெறி இப்புதிய வழியில் நழுவுகின்றது. இருபது பேர் கொண்ட குழுவில் இடப்பட்ட செய்திக்கு மற்றொருவர் விடையளிப்பார் என ஒவ்வொருவரும் எண்ணினால், ஒருவருமே விடையளியார். திரையில் தோன்றும் குறி செய்தி சென்றதைக் காட்டும்; அது விளங்கியதா என்பதைக் காட்டாது. படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் இருக்குமாயின், அவருடைய அந்தரங்கமும் அதனுடன் ஊர் சுற்றும்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 25 அன்று, இந்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவர் தம் பதிவு எண்ணைத் தெரிவித்தல் வேண்டும். நோயாளி இன்னார் என்பதை உறுதி செய்தல் வேண்டும். குறிப்புகளைக் காத்தல் வேண்டும். போதை மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தரலாகாது. நேரிற் காண்பது தேவையெனின் அவ்வாறே கூறல் வேண்டும் என்பன அவற்றுட் சில. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகங்களில் மருத்துவர் ஒழுக வேண்டிய முறையையும் வகுத்தது. எனினும் அம்மாதமே அவ்விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று. நெஞ்சில் எழும் நோவைத் தாய்மொழியில் கூறுவது போல் வேறெம்மொழியிலும் கூற இயலாது. மேற்சொன்ன நெறிமுறைகளின்படி, பதிவுபெற்ற மருத்துவர் இந்தியாவின் எப்பகுதியிலும் உள்ள நோயாளிக்குத் தொலைவிலிருந்தே ஆலோசனை வழங்கலாம். ஆகவே சூரத்திலுள்ள தொழிலாளி மதுரை மருத்துவரிடம் தமிழிலேயே தம் குறையைக் கூற வழியுண்டு. அவ்வாறு பேசும்போது செவிலியரின் பழைய நெறியை நாமும் மேற்கொள்வோமாக. மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை எழுதி, திரும்பச் சொல்லி, 'ஆம்' என்ற விடையைக் கேட்போம். உறவினர் குழுவில் வந்த மருந்துச்சீட்டைக் கண்டு நமக்கும் அதுவே மருந்தென்று கொள்ளாதிருப்போம்.

கருவி தொலைவைக் குறைக்கும், பொறுப்பைக் குறைக்காது. சொன்னவர் சொன்னதையே கேட்டவரும் கேட்டார் என்பது உறுதியான பின்னரே சொல் சேர்ந்ததாகும்.