சீரங்கப்பட்டணத்து கும்பஸ்: ஒரு தோட்டக் கல்லறையும் நம் இரண்டு ஊர்களும்

"அதெல்லாம் ஐதர் காலத்துப் பழசு" என்று பழைய சாமானைக் காட்டிச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொச்சிக்கு வந்து மூணு தலைமுறை ஆனவர்கள் வாயிலும் அந்தச் சொல் நிலைத்திருக்கிறது. அந்த ஐதர் எங்கே அடங்கியிருக்கிறார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே அவருடைய கல்லறை பற்றி, நான் படித்ததையும் பார்த்ததையும் சேர்த்து எழுதத் துணிந்தேன்.

தோட்டத்தின் நடுவே கல்லறை எழுப்புவது முகலாயர் மரபு. டில்லியில் உமாயூன் கல்லறை 1565 வாக்கில் தொடங்கி 1572 வாக்கில் முடிந்தது. சதுர நிலத்தை நீர்க்கால்களாலும் நடைபாதைகளாலும் நாலாகப் பகுத்து, நடுவில் மேடை, மேடைமேல் குவிமாடம். பாரசீக மொழியில் இதற்குச் 'சார்பாக்', அதாவது நால்தோட்டம் என்று பெயர்.

இந்தக் கலை தெற்கே வந்த வழியைப் பார்ப்போம். 1687இல் ஔரங்கசீப்பின் ஆட்சி கர்நாடகத்துச் சீராவைத் தலைமையிடமாக்கி ஒரு மாகாணம் அமைத்தது. அங்கே முகலாய அதிகாரிகள் தோட்டம் போட்டார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டுதான் ஐதர் 1760இல் பெங்களூர் லால்பாக்கைத் தொடங்கினார் என்று சொல்வதுண்டு. மறுவருஷமே சீரா நவாப் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது. சீரங்கப்பட்டணத் தீவின் கிழக்குக் கோடியிலும், காவிரியின் இரு கிளைகள் மறுபடி கூடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு லால்பாக் உண்டாயிற்று.

1782 டிசம்பரில் ஐதர் சித்தூர் அருகே பாசறையில் இறந்தார். உடலை முதலில் கோலாரில் அடக்கி, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். மகன் திப்பு கட்டிய கும்பஸ் 1784இல் முடிந்தது.

வியாபார விஷயமாக மைசூர் போனபோது இதைப் பார்த்தேன். வாசலிலிருந்து நேர்கோடாக நடைபாதை. முடிவில் உயர்ந்த மேடை, அதன்மேல் வெள்ளைக் குவிமாடம். சுற்றிலும் தாழ்வாரத்தைத் தாங்கும் தூண்கள் 36. கருங்கல்லைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருக்கிறார்கள், கிட்டப் போனால் நம் முகம் தெரிகிறது. இப்படித் தூண் தாழ்வாரம் சுற்றி வருவது பீஜப்பூர் இப்ராகிம் ரௌசாவிலும் உண்டு. ஆக, தோட்டம் முகலாய வழி, கட்டடம் தக்காணத்து வழி. உள்சுவரில் புலிவரி தீட்டியிருக்கிறது. கருங்காலிக் கதவுகளில் தந்தம் இழைத்திருக்கிறது. இவை பின்னாளில் டல்ஹௌசி பிரபு கொடுத்தவை. உள்ளே ஐதர், அவர் மனைவி பக்ருன்னிசா, 1799 மே 4 அன்று போரில் மடிந்த திப்பு ஆகிய மூவரும் அடங்கியிருக்கிறார்கள்.

அங்கே நின்றபோது என் மனசு ஒரே நிலையில் இல்லை. எங்கள் முன்னோர் வந்தவாசிச் சீமைத் தமிழ்ச் சமணர்கள், ஏர் உழுத குடிகள். 1780 ஜூலையில் ஐதர் படை கணவாய் இறங்கி வந்து ஆர்க்காட்டுச் சீமையை எரித்தது. வந்தவாசிக் கோட்டையும் முற்றுகைப்பட்டது. "ஐதர் குதிரை வருது" என்று பிள்ளைகளை மிரட்டுவார்களாம். பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயரை வென்ற காட்சியை, கும்பஸுக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். வென்ற சேனையும் யானையும் அதில் நிறைய. எரிந்த ஊர்க் குடிகளுக்கு அதில் இடமில்லை.

நாம் பிழைக்க வந்த கொச்சிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. கொச்சி ராஜ்யம் மைசூருக்குக் கப்பம் கட்டியது. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு நெடுங்கோட்டையைத் தாக்கினார். அதிலிருந்து மூண்ட போரில் 1791இல் கொச்சி கம்பெனியின் கீழே போயிற்று. கப்பம் நின்றபாடில்லை, வாங்குகிற கை மட்டும் மாறியது.

அடுத்த வருஷம் கும்பஸுக்கும் கஷ்டம் வந்தது. 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் படை லால்பாக்கில் இறங்கியது. திப்பு ஆசையாய் வளர்த்த சைப்ரஸ் மரங்களை முற்றுகை வேலைக்காக வெட்டிச் சாய்த்தார்கள். வந்தவாசியில் குடிகள் பட்டதை இங்கே மரங்கள் பட்டன. படை என்றால் எந்தக் கொடியானாலும் இதுதான்.

எங்கள் சமயத்தில் கல்லறை வழக்கம் கிடையாது. உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட முனிவருக்கு நிசீதிகைக் கல் உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியருக்குப் பாறையில் சுருக்கமாக வெட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் கும்பஸை வெறுக்க எனக்குத் தோன்றவில்லை. அப்பனுக்கு மகன் செய்த கடமை அது. அந்தத் தூணை இழைத்த கல்தச்சரும், நாற்று நட்ட தோட்டக்காரரும் நம்மைப் போன்ற குடிகளே.

மைசூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தூணைப் பார்க்கும்போது, நம் இரண்டு ஊர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.