பிக்கெட்டிங் என்றால் சாலை மறியலா?

கள்ளக்குறிச்சி பக்கம் குடிநீர் வராவிட்டால் மக்கள் காலிக் குடங்களோடு நடுரோட்டில் உட்கார்ந்து விடுவார்கள். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் "சாலை மறியல்" என்று வரும். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகையில் "ரோடு பிக்கெட்டிங்". இதை ஒரு இங்கிலாந்துக்காரர் படித்தால் குழம்பிப் போவார். ஏனென்றால் அந்த ஊர் பிக்கெட்டிங்கில் ரோட்டை யாரும் மறிப்பதில்லை.

இந்தச் சொல் கூரிய முளைக்கம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. பிறகு ராணுவத்தில் முன்னால் நிறுத்தப்படும் காவல் படைக்குப் பெயரானது. 19ஆம் நூற்றாண்டில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் ஆலை வாசலில் காவல் நின்று, உள்ளே போகிறவர்களை "போகாதே" என்று தடுத்துப் பேசினார்கள். அதுதான் பிக்கெட்டிங். அமைதியாக எடுத்துச் சொல்வது குற்றமல்ல என்று 1906இல் பிரிட்டிஷ் சட்டமே ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியல். அப்போது காங்கிரசில் இருந்த பெரியார் சிறை சென்ற பிறகு, அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கடை வாசலில் நின்றார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் கள்ளுக்கடை முன்னால் போய் நிற்பது லேசான காரியமா? 1931 காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் அமைதியான மறியலுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் 1938இல் சென்னையில் பள்ளி வாசலில் இந்தி எதிர்ப்பு மறியல் செய்தவர்கள் மீது, காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளையர் கொண்டு வந்த அதே சட்டம் பாய்ந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் ராஜாஜி!

"மறி" என்றாலே தடு என்றுதான் பொருள். (இலங்கைத் தமிழில் மறியல் என்றால் சிறைக்காவல்!) அதனால் வாசலில் நின்ற மறியல் மெல்ல ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நகர்ந்தது. 1953இல் கருணாநிதி ரயில் முன் படுத்தது கல்லக்குடியில். கள்ளக்குறிச்சி அல்ல, பலர் குழப்பிக் கொள்கிறார்கள்.

2022 ஜூலை 17 அன்று சின்னசேலம் அருகே கனியாமூரில் பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. அதைப் பிக்கெட்டிங் என்றும் சொல்ல முடியாது, மறியல் என்றும் சொல்ல முடியாது, கலவரம்தான்.

பழைய கடை மறியலும் அழிந்து விடவில்லை. 2017இல் நெடுஞ்சாலையில் இருந்து ஊருக்குள் மாற்றப்பட்ட டாஸ்மாக் கடைகள் முன் பல ஊர்ப் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்த மெத்தனால் சாராயம் பாக்கெட்டில் விற்கப்பட்டது. கல்வராயன் மலையிலும் ஊறலைத் தேடிப் போலீஸ் காட்டுக்குள் ஏற வேண்டியிருக்கிறது. அங்கெல்லாம் போய் நிற்க வாசல் எங்கே இருக்கிறது?