கான்கேவ் கட் கல் என்றால் என்ன? வாங்கும் முன் இதைப் பாருங்க!

மோதிரத்துக்கோ டாலருக்கோ கல் தேடி தி.நகர் போறீங்க. கடையில் 'இது கான்கேவ் கட், சாதாரண கல்லைவிட நல்லா மின்னும்' என்று ஒரு கல்லை எடுத்து வைக்கிறார்கள். விலையும் கூடுதல். இதை நம்பலாமா?

நம்பலாம், கல் அசலாக இருந்தால்! ஏன்னா, அச்சில் வார்த்த மலிவான கண்ணாடிக் கல்லிலும் இதே மாதிரி குழிவு இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பது?

கான்கேவ் கட் என்றால் என்ன?

கல்லைத் தேய்த்து உருவாக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் பட்டை என்று பெயர். வழக்கமான பட்டை, கண்ணாடிச் சில்லு போல சமதளமாக இருக்கும். கான்கேவ் பட்டை, நீளவாக்கில் பிளந்த பைப்பின் உள்பக்கம் போல லேசாகக் குழிந்திருக்கும். பெரும்பாலும் கல்லின் அடிப்பாகத்தில்தான் இந்தப் பட்டைகளைப் போடுவார்கள்.

எப்படி வெட்டுகிறார்கள்?

சமதளப் பட்டை போடுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய வேலை. திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது பெரிய குடிசைத் தொழிலாக இருந்தது. சீனாவிலிருந்து மெஷினில் வெட்டிய கற்கள் மலிவாக வந்து குவிந்ததும் அது நலிந்தது. கல்லை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, சுழலும் தட்டையான சக்கரத்தில் அழுத்தித் தேய்ப்பதுதான் வழக்கமான முறை.

கான்கேவ் கட்டிலும் முதலில் இப்படித்தான் சமதளப் பட்டை போடுவார்கள். அடுத்த கட்டத்தில் தட்டைச் சக்கரத்துக்குப் பதில், வைரத்தூள் ஏற்றிய உருளைக் கம்பி வரும். அது சுழலும்போது கல்லை அதன் மேல் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தித் தேய்ப்பார்கள். கம்பி எவ்வளவு பருமனோ, அதைப் பொறுத்துக் குழியின் வளைவு அமையும். பாலிஷும் அதே குழிக்குள்தான் போடணும். அதனால் கூலி கூடும், கல்லும் கூடுதலாகத் தேயும்.

இந்த முறை 1990களில் அமெரிக்காவில் இதற்கென உருவான மெஷின்கள் வழியாகப் பிரபலமானது. அதற்கு முன்பே ஜெர்மனியின் பெர்ண்ட் முன்ஸ்டைனர், கல்லின் பின்பக்கத்தில் குழிவுகளைச் செதுக்கிப் புகழ்பெற்றவர். அவர் வெட்டிய 'டோம் பெட்ரோ' என்ற 10,363 காரட் அக்வாமரீன் கல், இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏன் கூடுதலாக மின்னுது?

பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் காரணம். மேலே நுழையும் ஒளி, அடிப்பக்கப் பட்டையில் குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் சாய்வாக விழுந்தால், வெளியே போகாமல் கல்லுக்குள்ளேயே திரும்பும். அந்தக் கோணம் அமெதிஸ்டுக்குச் சுமார் 40 டிகிரி, நீலக்கல்லுக்கு 35, வைரத்துக்கு 24.

வெளியிலிருந்து நமக்குக் குழியாகத் தெரிவது, கல்லுக்குள் இருக்கும் ஒளிக்கு மேடு. அதாவது, அது குவி ஆடி மாதிரி வேலை செய்யும். சாலைத் திருப்பத்தில் இருக்கும் குவி ஆடியில் முழுத் தெருவும் சிறிதாகத் தெரியும் இல்லையா? அதுபோல ஒவ்வொரு குழிவுப் பட்டையும் ஒளியை விரித்து, சின்னச் சின்ன மினுக்கல்களாகத் திருப்பி அனுப்பும்.

அமெதிஸ்ட், சிட்ரின், டோபாஸ், அக்வாமரீன் போன்ற பெரிய, வெளிர் நிறக் கற்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பொடிக் கற்களில் பெரிதாகத் தெரியாது.

ஒன்றை மறக்காதீங்க: வெட்டு மாறினால் கல்லின் ரகம் மாறாது. கான்கேவ் கட் போட்டாலும் அமெதிஸ்ட், அமெதிஸ்ட்தான்.

கண்ணாடியா, கல்லா?

சூடான கண்ணாடியை அச்சில் வார்த்தால், ஆறும்போது அது சுருங்கும். அப்போது பட்டையின் நடுப்பகுதி தானாகவே உள்வாங்கிவிடும். இதைக் காட்டி 'கான்கேவ் கட்' என்று விற்க முடியும். எனவே 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கேட்டு வாங்கி, கல்லைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்க.

- ஓரம்: இரண்டு பட்டைகள் சேரும் கோடு கூர்மையாக இருந்தால், அது சக்கரத்தில் வெட்டியது. மழுங்கி உருண்டிருந்தால், வார்த்த கண்ணாடி என்று சந்தேகப்படலாம்.
- குழிவு: கான்கேவ் கட்டில் பட்டை முழுக்கச் சீரான வளைவு இருக்கும். வார்ப்பில் நடுப்பகுதி மட்டும் அமுங்கியிருக்கும்.
- உள்ளே: உருண்டையான காற்றுக் குமிழிகள் இருந்தால் உஷார். கண்ணாடியில் இது சகஜம்.

கூர்மையான ஓரம் மட்டும் அசலுக்கு ஆதாரம் ஆகாது. கண்ணாடியையும் செயற்கைக் கல்லையும்கூட மெஷினில் கூர்மையாக வெட்டலாம். பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால், ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேளுங்க. கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா, நிறமேற்றம் போன்ற மெருகேற்றல் நடந்திருக்கிறதா என்ற மூன்றும் அதில் இருக்கணும்.

எந்த நகைக்குப் பொருந்தும்?

மயிலாப்பூரில் பரதநாட்டியத்துக்கு வாங்கும் கெம்பு நகைகளில் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும். அடிப்பக்கம் மூடிய அப்படிப்பட்ட நகையில் கான்கேவ் கல்லைப் பதித்தால், கூடுதல் காசுக்கு முழுப் பலன் கிடைக்காது.

ராசிக்கல் மோதிரம் போல பின்பக்கம் திறந்த நகையில் இது எடுபடும். ஆனால் விரலின் எண்ணெய்ப் பசையும் சோப்பும் குழிகளில் படிந்தால், ஒளி திரும்புவது குறைந்து கல் மங்கிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷால் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். கல் சிராய்ந்துபோனால் சாதாரணப் பட்டறைச் சக்கரத்தில் பாலிஷ் போட முடியாது. உருளை மெஷின் உள்ள இடம்தான் தேடணும். வாங்கும்போதே இதைக் கடையில் கேட்டு வச்சுக்கோங்க.

ஹால்மார்க் இருந்தால் போதாதா?

போதாது. பிஐஎஸ் ஹால்மார்க்கும் 6 இலக்க எச்யூஐடி எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல. பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாகவும், கல்லின் பெயர், காரட் எடை, விலை தனியாகவும் இருக்கட்டும். கல்லுக்கு 1 காரட் என்பது 200 மில்லிகிராம். தங்கத்தின் '22 காரட்' வேறு கணக்கு. 'கான்கேவ் கட்' என்று சொல்லி விற்றால், அதையும் கல்லின் பெயரோடு சேர்த்து பில்லில் எழுதச் சொல்லுங்க.