விண்ணப்பம்: ஒரு சொல்லின் வரலாறு

பணிந்து வேண்டுதலைக் குறிக்கும் 'விண்ணப்பம்' என்னுஞ் சொல் ஓசையளவில் 'விண்' என்னுந் தமிழ்ச் சொல்லை நினைப்பூட்டுவது. விண்ணோரை நோக்கிய வேண்டுகோள் எனப் பொருள்கொள்ளவும் மனம் விழையும். அஃது ஓசையொப்புமையன்றிப் பிறிதன்று.

வடமொழியில் 'ஞா' என்னும் வேர் அறிதற் பொருளது. அதன் பிறவினை வடிவோடு 'வி' என்னும் முன்னொட்டுச் சேர, அறிவித்தற் பொருளில் விஞ்ஞாபனம், விஞ்ஞப்தி என்பன பிறந்தன. பிராகிருதத்தில் இவற்றின் ஞகரம் ணகரமாகத் திரிந்து இரட்டித்தது. அவ்வழியே தமிழுக்கு வந்தது விண்ணப்பம். அதே வேரோடு 'ஆ' என்னும் முன்னொட்டுச் சேரப் பிறந்தது ஆணை. எனவே வேந்தன் கட்டளையும் குடியின் வேண்டுகோளும் ஒருவேர்க் கிளைகளே. மேல்நின்று கீழ்நோக்கி அறிவிப்பது ஆணை. கீழ்நின்று மேல்நோக்கி அறிவிப்பது விண்ணப்பம். பணிவு சொல்லின் வேரில் இல்லை. சொல்லுவோன் நின்ற இடத்தால் வந்தேறியது. பாளி விநய நூல்களில் பிக்கு தன் தேவையைக் குறிப்பாலுணர்த்தி வேண்டுதலும் 'விஞ்ஞத்தி' எனப்படுதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்விரு கிளைகளும் அருகருகே நிற்பதைப் பல்லவர் செப்பேடுகளிற் காணலாம். காரைக்காலுக்கு அண்மையிலுள்ள காசாக்குடியிற் கிடைத்த, இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, ஓர் ஊரைப் பிராமணரொருவர்க்குத் தானஞ் செய்த செய்தி கூறுவது. அத்தானத்துக்கு விண்ணப்பஞ் செய்தவன் ஒருவன். அதனை நிறைவேற்றும் 'ஆணத்தி'யாக நின்றவன் கோரசர்மன் என்னும் மற்றொருவன். விண்ணப்பஞ் செய்தவனோ ஏழைக் குடிமகனல்லன். அரசனின் முதன்மை மந்திரி. அரசன் செவிக்கு ஒன்றை எட்டச்செய்யும் உரிமை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. அதனாலன்றோ விண்ணப்பித்தவன் பெயரும் செப்பேட்டில் நிலைபெற்றது!

அரசவைச் சொல் பின்னர்க் கோயிலுட் புகுந்தது. கோயில் என்னும் பெயரே அரண்மனைக்கும் இறைவனுறைவிடத்துக்கும் பொதுவாதலின் இது வியப்பன்று. பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டுத் திருப்பதியம் 'பாடுவார்' என்றே கூறும். முதலாம் இராசராசனின் (985–1014) தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டோ திருப்பதியம் 'விண்ணப்பஞ் செய்ய' எனக் கூறும். அப்பணிக்கு அமைந்தோர் பிடாரர் 48 பேர். உடுக்கை வாசிப்போன் ஒருவன். கொட்டிமத்தளம் வாசிப்போன் ஒருவன். ஐம்பதின்மர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. பாடல் இங்கு இசை மட்டுமன்று. திருமுன் நின்று அறிவிக்கும் செய்தியாகவும் கருதப்பட்டது போலும். திருவரங்கத்து அரையர்க்கும் 'விண்ணப்பஞ் செய்வார்' என்னும் பெயர் வழங்கிற்று.

கந்தோர்களில் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பப் படிவத்தில் இன்று கேட்கப்படுவன பெயரும் முகவரியும் பிறந்த திகதியுமே. வேண்டுவோன் தன்னைப்பற்றி அறிவிக்கிறான். அவ்வளவில் அச்சொல் தன் பழம்பொருளை அணுகியே நிற்கின்றது.